ஒரு சொட்டு போதும்

(நம் சங்கத்தின் காக்ஸ் டவுன் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன தடவை இந்த மேடையில் பேசியவர் கடோபநிஷத்தைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்னால் பேசியவர் தியாகராஜ ஸ்வாமிகளைப் பற்றி. அந்த வரிசையில் கண் சொட்டு மருந்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது காரியதரிசியின் துணிச்சல்தான். நான் டாக்டர் அல்ல. டி.பார்ம் படித்த கடைக்காரன். 1985 முதல் 2019 வரை, 34 வருஷம், இங்கே மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மருந்துக் கடை வைத்திருந்தேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நான் ஜுர மாத்திரை கொடுத்திருக்கிறேன். மீதிப் பேரின் அப்பாக்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. கைப்பையிலோ ஜேபியிலோ கண் சொட்டு மருந்து வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்... பாருங்கள், மூன்றில் ஒருவராவது இருப்பீர்கள் போலிருக்கிறது. காரியதரிசி தப்பான ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். தப்பான விஷயத்தைக் கொடுக்கவில்லை.

கடையில் நான் கேட்ட புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "கண்ணுல மணலை வாரிப் போட்டாப்பல இருக்கு." "காலம்பற எழுந்தா இமை ஒட்டிண்டிருக்கு." "சாயங்காலம் ஆனா எரியறது, பேப்பர் படிக்க முடியலை." இதெல்லாம் சரி, புரிகிறது. குழப்பம் எங்கே வருமென்றால், கண்ணில் ஜலம் கொட்டுகிறது என்று வருவார்கள். டாக்டரிடம் அனுப்பினால், அவர் கண் வறண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு திரும்பி என்னிடம் சண்டைக்கு வருவார்கள். "கண் குளமா இருக்கு, வறட்சிங்கறாரே, இவர் என்ன டாக்டர்?"

டாக்டர் சொன்னது சரிதான். கண்ணின் மேல் ஓர் ஈரப் படலம் எப்போதும் இருக்கிறது. அதில் முக்கியமாக மூன்று சமாசாரம். அடியில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் கோழை போன்ற வஸ்து. அதோடு கலந்து நிற்கும் ஜலம். மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சூடான ரசத்தில் ஒரு கரண்டி நெய் விட்டால் மேலே பரவி நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நெய் படர்ந்த ரசம் சட்டென்று ஆறாது. கண்ணிலும் அந்த எண்ணெய்தான் ஜலம் ஆவியாகாமல் காக்கிறது. அது இமை ஓரத்தில், மயிர்க்கால்களுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன சுரப்பிகளிலிருந்து வருகிறது. மைபோமியன் சுரப்பி என்று பெயர். மேல் இமையில் ஏறக்குறைய முப்பது, கீழ் இமையில் கொஞ்சம் குறைவு. வயதானால் இவை அடைத்துக்கொள்ளும். ஜலம் இருந்தும் எண்ணெய் இல்லாததால் அது சீக்கிரம் ஆவியாகிப் போகிறது. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரிகிறது. எரிந்தவுடன் பெரிய கண்ணீர்ச் சுரப்பி, ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று குடம் குடமாகக் கொட்டுகிறது. அது வெங்காயம் நறுக்கும்போது வருகிற கண்ணீர். கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் தங்காது. வறட்சியால் ஜலம் கொட்டுகிறது என்பதில் முரண்பாடே இல்லை.

இதோடு இமை கொட்டுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறோம். டி.வி. பார்க்கும்போதோ செல்போனைப் பார்க்கும்போதோ அது பாதிக்கும் கீழே போய்விடும். அதையும் அரைகுறையாக இமைப்போம். தினம் பாராயணம் பண்ணுகிறவர்களும் இதற்கு விலக்கு அல்ல. பொடி எழுத்துப் புஸ்தகத்தை உற்றுப் பார்த்தாலும் இதே கதைதான்.

நம் ஊருக்கென்று சில விசேஷங்கள் உண்டு. பெங்களூர் என்றால் குளிர்ச்சி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இங்கே காற்று எப்படி உலர்ந்து போகும் என்று துணி உலர்த்துகிற மாமிகளைக் கேளுங்கள். ரோடு தோண்டுகிற தூசியும், பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் சேர்ந்துகொள்ளும். வெறும் எரிச்சலாக இல்லாமல் அரிப்பே பிரதானமாக இருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. அதற்கு மருந்து வேறு. டில்லிக் கிளை அங்கத்தினர்களுக்குக் குளிர்கால ஹீட்டர், சென்னைக்காரர்களுக்கு ஏ.சி. நம் எல்லோருக்கும் பொதுவாக ஹோமப் புகை. இரண்டு மணி நேரம் குண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்த கர்த்தாவின் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். தினமும் அதிலேயே இருக்கிற வாத்தியார்களை நினைத்துப் பாருங்கள். என் கடையில் கண் சொட்டை டஜன் கணக்கில் வாங்கினவர் ஒரு வாத்தியார்தான்.

இனி மருந்துக்கு வருவோம். மருந்து என்ற வார்த்தையே கொஞ்சம் அதிகம். செயற்கைக் கண்ணீர் என்று விற்கிற சொட்டுகளில் பெரும்பாலானவை எதையும் குணப்படுத்துவதில்லை. போன ஈரத்தைத் திரும்ப வைக்கின்றன, அவ்வளவுதான். சீசாவில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார்பாக்ஸி மெதில் செல்லுலோஸ், ஹைட்ராக்ஸி ப்ரொபைல் மெதில் செல்லுலோஸ் ஆகிய இரண்டும் செடிகளின் நாரிலிருந்து வருகிற வழவழப்பு. பாலி எதிலீன் கிளைகால், ப்ரொபைலின் கிளைகால் இரண்டும் சேர்ந்து வருவது ஒரு வகை. சோடியம் ஹையலூரனேட் என்பது நம் உடம்பிலேயே இருக்கும் வஸ்து, தன் எடையைப் போலப் பல மடங்கு ஜலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விலையும் கூடுதல். எது உசத்தி என்று கேட்டால், 34 வருஷம் விற்றவன் சொல்கிறேன்: யாருக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அதுதான். பக்கத்து ஆத்து மாமிக்கு அமிர்தமாக இருந்தது உங்களுக்கு எரியலாம்.

முக்கியமான வித்தியாசம் பிசுக்கில்தான் இருக்கிறது. நீர்த்த சொட்டு போட்டவுடன் சுகமாக இருக்கும், பார்வை மங்காது, ஆனால் சீக்கிரம் போய்விடும். ஜெல் அதைவிடக் கெட்டி. கார்போமர் என்ற பொருளில் செய்தது உண்டு, அதே செல்லுலோஸையே கூடுதல் கெட்டியாகச் செய்ததும் உண்டு. நெடுநேரம் நிற்கும், ஆனால் கொஞ்ச நேரம் எல்லாம் பனி மூட்டமாகத் தெரியும். அதற்கும் மேலே பாரஃபின் கலந்த ஆயின்ட்மென்ட். போட்டுக்கொண்டால் எதிரில் நிற்பவர் யாரென்றே தெரியாது. ஆகவே பகலில் சொட்டு, ராத்திரி விளக்கணைத்தபின் ஜெல் அல்லது ஆயின்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஜெல் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் எடுக்கப் போனவரை எனக்குத் தெரியும். தூங்கும்போது இமை முழுக்க மூடாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் காலையில் கண் கருவாடு மாதிரி ஆகிவிடும். மன்னிக்கவும், நம் சபையில் சொல்லக்கூடாத உவமானம். வற்றல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கண்ணில் சாதாரணமாக இருக்கும் கண்ணீரின் அளவு 7 மைக்ரோ லிட்டர்தான். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. சீசாவிலிருந்து விழுகிற ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். அதாவது ஒரு சொட்டே கண் தாங்குவதற்கு மேல். இரண்டாவது சொட்டு அப்படியே கன்னத்துக்கு. "ரெண்டு சொட்டு விட்டா நன்னாப் பிடிக்கும்" என்பதெல்லாம் கம்பெனிக்கு நன்றாகப் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லி சீசாவில் ஏறக்குறைய 250 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் தினம் நாலு வேளை என்றால் எட்டு சொட்டு. ஒரு மாசத்தில் தீர்ந்துவிடும். திறந்த சீசாவை ஒரு மாசத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உறையில் போட்டிருப்பதும் அதுதான். பத்து நாளில் தீர்கிறது என்றால் வழிய விடுகிறீர்கள். நாலு மாசம் வருகிறது என்றால் பழைய சீசாவிலிருந்து விட்டுக்கொள்கிறீர்கள். இரண்டாவதுதான் அபாயம். திறந்த அன்றைக்கே தேதியைச் சீசாவில் பேனாவால் எழுதிவிடுங்கள். நெய் டப்பாவில் எழுதுகிறோம், இதில் எழுதுவதில்லை.

சீசா திறப்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சீசாக்கள் பலவற்றில் மூடிக்குள்ளேயே ஒரு முள் இருக்கும். மூடியை இறுக்கித் திருகினால் அது நுனியில் ஓட்டை போட்டுவிடும். இது தெரியாமல் புடவை ஊசியால் குத்துகிற வழக்கம் நம் மாமிகளிடம் இருக்கிறது. நாள் பூரா புடவையிலும் வளையலிலும் தொங்கின ஊசி. அதனால் மருந்துக்குள் என்ன போகிறதென்று யோசியுங்கள். போதாக்குறைக்கு ஓட்டை பெரிசாகிவிடும், சொட்டும் பெரிசாகிவிடும்.

போடும் முறை: கையைச் சோப்புப் போட்டு அலம்புங்கள், விபூதிக் கையோடு வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னத் தொன்னை மாதிரி வரும், அதில் ஒரு சொட்டு. சீசா நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது. பிறகு கண்ணை மென்மையாக ஒரு நிமிஷம் மூடிக்கொள்ளுங்கள், இறுக்கிச் சிமிட்ட வேண்டாம். வேறு மருந்துச் சொட்டும் இருந்தால் ஐந்து பத்து நிமிஷம் இடைவெளி விடுங்கள். ஜெல் எப்போதும் கடைசி. முதலிலேயே ஜெல் போட்டால் பின்னால் வரும் மருந்து உள்ளே போகாது. கை நடுங்குகிறவர்களுக்கு ஓர் உபாயம்: மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோரத்துக் கண் முனையில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் அதுவே உள்ளே வழிந்துவிடும். கண்ணோரம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சீசாவைத் தம்பதியாக உபயோகிப்பது வேண்டவே வேண்டாம். எல்லாவற்றிலும் பாதி பாதி என்பது இதற்குப் பொருந்தாது.

அடுத்தது கெடாமல் வைக்கும் ரசாயனம், ப்ரிசர்வேட்டிவ். சீசா திறந்தபின் கிருமி வளராமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருப்பது பென்சால்கோனியம் க்ளோரைடு. கிருமியைக் கொல்லும் வஸ்து, கண்ணின் மேல் தோலையும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும். தினம் இரண்டு மூன்று தடவை போடுகிறவருக்குப் பெரிய பாதகமில்லை. நாலு தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்களும், ஏற்கெனவே கண் அழுத்தத்துக்குச் சொட்டு போடுகிறவர்களும் ப்ரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குவது நல்லது. அது இரண்டு தினுசில் வருகிறது. ஒரு வேளைக்கான குட்டிக் குப்பி: உடைத்தால் உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டும். "பாதி இருக்கே" என்று நாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. மற்றது, வெளிக்காற்று உள்ளே போகாதபடி விசேஷ வால்வு வைத்த சீசா. இரண்டும் விலை கூடத்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல், அந்த வால்வும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இது நம் தமிழ்நாட்டுச் சமாசாரம் என்பதால் சொல்கிறேன். செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே குளோபல் பார்மா ஹெல்த்கேர் என்ற கம்பெனி செயற்கைக் கண்ணீர் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே எஸ்ரிகேர் என்ற பெயரிலும் டெல்சாம் என்ற பெயரிலும் விற்றது. நான் இப்போது சொன்ன அதே கார்பாக்ஸி மெதில் செல்லுலோஸ்தான். 2022-இல் அமெரிக்காவில் பல ஊர்களில் ஒரே ரகக் கிருமியோடு ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி, அதிலும் சாதாரணமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்காத ரகம். அந்த ரகம் அதுவரை அந்த தேசத்தில் பார்த்ததே இல்லை. விசாரித்துப் பார்த்ததில் பலருக்கும் பொதுவாக இருந்தது கண் சொட்டு. 2023 பிப்ரவரியில் கம்பெனி சரக்கைத் திரும்பப் பெற்றது. அந்த வருஷம் மே மாதம் வரை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கெடுத்ததில் 18 மாகாணங்களில் 81 பேர். அவர்களில் 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்தார்கள்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்ன குறைகளில் முக்கியமானது இது: பல நாள் உபயோகிக்கும் சீசாவில், போதுமான ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் அடைத்தார்கள், கிருமிப் பரிசோதனையும் சரியாக இல்லை. கம்பெனி எடுத்து வைத்திருந்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிறகு தெரிவித்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. கண்ணில் விடும் ஜலத்தில் எதுவும் வளர இடம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் கடைக்காரனுக்குத் தெரியும். நம் பெங்களூரிலேயே 2019 ஜூலையில், மின்டோ ஆஸ்பத்திரியில் காடராக்ட் ஆபரேஷன் பண்ணிக்கொண்ட பலருக்குக் கண்ணில் கிருமி தாக்கிப் பார்வை போனது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஆபரேஷனில் உபயோகித்த ஜெல்லில் இதே சூடோமோனாஸ் இருந்ததாகப் பரிசோதனையில் வந்தது. இதனால் சொட்டே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் தினமும் க்ஷேமமாகப் போட்டுக்கொள்கிறார்கள். அடைப்பு உடைந்த சீசா, தேதி போன சீசா, கலங்கின மருந்து, இவற்றை மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

இதுவரை ஊர் சமாசாரம். இப்போது என் சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரியதரிசி கூப்பிட்டவுடன் நான் ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

2004-இல் என்று ஞாபகம். ரெயில்வேயில் ரிடையரான ஒரு மாமா, ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ஜாகை. தினம் காலையில் வாக்கிங் முடித்துக் கடை வாசலில் நின்று என் பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிடுவார். கண் சிவந்து எரிகிறது என்று ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு சொட்டு எழுதினார். ஒன்று ஸ்டீராய்டு, இரண்டு வாரம் மட்டும். மற்றது செயற்கைக் கண்ணீர், தொடர்ந்து போட வேண்டியது. ஸ்டீராய்டு என்றால் கேட்கவா வேண்டும், இரண்டே நாளில் சிவப்பு போய்க் கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்தார். "அந்த முதல் சொட்டைக் குடுப்பா. ரெண்டாவது வெறும் ஜலம் மாதிரி இருக்கு, அதுல ஒண்ணும் கேக்கலை" என்றார். சீட்டு பழசு. அது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம். அட்டையிலேயே ஆர்எக்ஸ் என்று சிவப்பில் போட்டிருக்கும். எனக்குத் தெரியாதா? தெரிந்த மனுஷர், தினம் பார்க்கிறவர், டாக்டருக்கு இன்னொரு தரம் எதற்கு தண்டம் அழ வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாசமும் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் கொடுத்தேன். அவர் கேட்டார், நான் கொடுத்தேன். அதுதான் நடந்தது.

ஸ்டீராய்டு சொட்டு எல்லோருக்கும் கெடுதல் செய்வதில்லை. டாக்டர் பார்வையில், சொன்ன நாளுக்குப் போட்டால் அது நல்ல மருந்து. கடுமையான வறட்சிக்கு இன்றைக்கும் குறுகிய நாட்களுக்கு எழுதுகிறார்கள். ஆனால் சிலருக்கு அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும். சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம், வலியே இல்லாமல் மெல்ல ஏறிப் பார்வை நரம்பைத் தின்னும். முதலில் ஓரப் பார்வை போகும். நேரே பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும், அதனால் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்தது கோவிலில். இடது பக்கம் தீபாராதனைத் தட்டு வந்தது அவருக்குத் தெரியவில்லை. கையால் தட்டிவிட்டார். கற்பூரம் கீழே விழுந்து எல்லோரும் பதறிப்போனார்கள். அவருடைய பெண் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இடது கண்ணில் அழுத்தம் 38. நரம்பு பெரும்பாலும் போய்விட்டிருந்தது. போன நரம்பு திரும்பாது.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வாரமே எப்போதும் போல வந்தார். புதுச் சீட்டை நீட்டினார், அழுத்தம் குறைக்கிற சொட்டு. "இது ஆயுசுக்கும் போடணுமாம். கிரமமா எடுத்து வெச்சுடு" என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிப் படித்தார். நான்தான் உள்ளே போய் ஸ்டாக் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். இன்னும் ஏழு வருஷம் இருந்தார். அந்த ஏழு வருஷமும் மாதாமாதம் வந்தார். அவர் நாலு பேர் எதிரில் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சீட்டு இல்லாமல் கண்ணுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன், செயற்கைக் கண்ணீரைத் தவிர. அதனால் சில வாடிக்கைகள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். இங்கேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், நான் பெயர் சொல்லப் போவதில்லை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, கையிலிருக்கும் சீசாவை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெதாஸோன், ப்ரெட்னிஸலோன், பீட்டாமெதாஸோன் என்று ஏதாவது எழுதியிருந்து, அது டாக்டர் சொன்ன நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கே கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அவரைக் கேட்டு நிறுத்துங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு என்று இன்னொரு ஜாதி இருக்கிறது. அது ரத்த நாளத்தைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். பழகிவிட்டால் நிறுத்தியவுடன் முன்னைவிடச் சிவக்கும். வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொட்டு மட்டும் போதாத சந்தர்ப்பங்கள் உண்டு. மாம்பலத்தில் என் தமக்கை. கண் எரிச்சலுக்கு மூன்று வருஷம் சொட்டு மாற்றி மாற்றிப் போட்டாள், எல்லாம் நான் அனுப்பினதுதான். தயிர் சாதம்கூட ஜலம் குடிக்காமல் உள்ளே இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் முட்டுகள் வலி வேறே. வயசாச்சு என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண், "மாமி, பிஸ்கட் சாப்பிட்டால் ஜலம் இல்லாமல் முழுங்க முடியறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை மடித்து வைத்து ஐந்து நிமிஷத்தில் எத்தனை மில்லி மீட்டர் நனைகிறது என்று பார்த்தாள். ஷிர்மர் பரிசோதனை என்று பெயர். ஐந்துக்குக் குறைந்தால் கடுமையான வறட்சி. அக்காவுக்கு இரண்டு. பிறகு ரத்தப் பரிசோதனையில் ஷோகிரென் வியாதி என்று தெரிந்தது. ஹென்ரிக் ஷோகிரென் என்ற ஸ்வீடன் தேசத்துக் கண் டாக்டர் 1933-இல் விவரமாக எழுதினது. உடம்பின் காவல் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கண்ணும் வறண்டு வாயும் வறண்டால், மாமிகள் அதை டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். கண் டாக்டரிடம் கண்ணை மட்டும், பல் டாக்டரிடம் வாயை மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது.

மற்றபடி, ஜலதோஷ அலர்ஜி மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிக்கிற மாத்திரை, மனச் சோர்வுக்கான மாத்திரை, இவையெல்லாம் கண்ணை உலர்த்தக் கூடும். நிறுத்தச் சொல்லவில்லை, டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். காடராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகு சில மாசம் உறுத்துவது சகஜம். வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், சீழ், ஒரு கண் மட்டும் சிவப்பது, இவற்றுக்குச் சொட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கை வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மாமிகள் விடமாட்டார்கள். வெந்நீர் ஒத்தடத்துக்கு என் முழு ஆதரவு. கை பொறுக்கிற சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடின இமை மேல் ஐந்து பத்து நிமிஷம். ஆறினால் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு இமையை மயிரை நோக்கி மெல்ல நீவினால், அடைத்த எண்ணெய் வெளியே வரும். உறைந்த நெய்யை அடுப்போரம் வைக்கிற மாதிரிதான். சொட்டைவிட இது பலருக்கு அதிகம் உதவும், காசும் இல்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. விளக்கெண்ணெய் கண்ணில் விடுவது நம் பாட்டிகள் வழக்கம். வேடிக்கை என்னவென்றால், ஆமணக்கு எண்ணெயைச் சுத்தம் பண்ணி மிகக் குறைந்த அளவில் சேர்த்த கண் சொட்டுகள் வெளிதேசங்களில் விற்கின்றன. அதற்காகச் சமையலறைச் சீசாவிலிருந்து விட வேண்டாம். தேன், பன்னீர் இரண்டும் கண்ணுக்குள் வேண்டவே வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் கண் வறட்சி போகும் என்று ஒரு பேச்சு இருந்தது. நம்மவர்கள் தர்மசங்கடப்பட்டார்கள். 2018-இல் அமெரிக்காவில் அதை ஆலிவ் எண்ணெயோடு ஒப்பிட்டு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. நிம்மதியாக இருங்கள்.

பேசி முடித்தபின் கேள்வி கேட்பது நம் வழக்கம், அதனால் முன்கூட்டியே வந்த இரண்டுக்கு மட்டும் பதில். "ஆயுசு பூரா போடணுமா?" என்று ஒரு மாமி கேட்டிருக்கிறார். பலருக்குப் போடத்தான் வேண்டும். கண்ணாடி போடுகிறோமே, அது மாதிரி. பழகிப் போய் வேலை செய்யாமல் போகும் பயம் செயற்கைக் கண்ணீருக்கு இல்லை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. "ஏகாதசி நிர்ஜல உபவாசத்தன்று சொட்டு போட்டால் தொண்டையில் இறங்குகிறதே, உபவாசம் பங்கமா?" இறங்குவது வாஸ்தவம். கண்ணின் மூக்கோர முனையில் இரண்டு சின்னத் துவாரம் இருக்கிறது. அது வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் வரும். போட்டவுடன் அந்த முனையை விரலால் ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டால் பெரும்பாலும் இறங்காது. அழுத்தத்துக்கு மருந்து போடுகிறவர்கள் தினமுமே அப்படிச் செய்ய வேண்டும். மீதி சாஸ்திரத்துக்கு, முன் வரிசையில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். அவருக்கும் நான்தான் சொட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே காபி ஆறிக்கொண்டிருக்கிறது.